உதவி தேவை: ஆள் சேர்க்கிற சக்கரமும் சிக்குது, சிங்களச் சொல் சக்கரமும் சிக்குது

திருமலைக் கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருகோணமலை டவுணுக்குள்ள ஒரு சின்ன வாசிகசாலைக் குழு. மாரி தொடங்க முன்னம் வீடு வீடாப் போய் டெங்கு விஷயமாக் கதைக்கிறது, பீலி, டயர், சிரட்டை எல்லாம் பார்த்துத் துப்புரவாக்க உதவுறது, இதுதான் வேலை. 2017இல கிண்ணியாப் பக்கம் பட்ட பாடு இங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வருசம் நாடு முழுக்க 186,000க்கு மேல டெங்கு நோயாளர். அதால ஆக்கள் கதவைத் திறக்கத்தான் செய்யிறாங்க. சிக்கல் எங்கட பக்கம்.

ஒரு பயிற்சியில எல்லாத்தையும் சக்கரமாக் கீறிப் பழகச் சொன்னாங்க. ரெண்டு சக்கரம் கீறினம்.

முதலாவது, ஆள் சேர்க்க. டிமை தாள்ல பெரிய வட்டம், நடுவில "டெங்குத் தொண்டர்", சுற்றி எட்டு ஆரை: பெயர் வயசு, படிப்பு, வரக்கூடிய நாள், தெரிஞ்ச வேலை, தெரிஞ்ச மொழி, சைக்கிள் இருக்கா, வீட்டில சம்மதமா, ஏன் வர விருப்பம். தாளை முன்னுக்கு விரிச்சு வச்சுக் கதைச்சா, பேச்சு முதலாம் ஆரையில தொடங்கி எட்டாம் ஆரையில முடியுது. நேர்முகப் பரீட்சைக்கு வந்த மாதிரி பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருக்கிறாங்க. எல்லாத்துக்கும் "ஓம்". சனிக்கிழமை காலையில பார்த்தா ஆள் இல்ல.

ரெண்டாவது, சிங்களச் சொல் படிக்க. ஒரு சக்கரத்தில நாட்கள், ஒன்றில உறவுமுறை, ஒன்றில வீட்டுச் சாமான். சுவரில ஒட்டியிருக்கும்போது தண்ணி மாதிரிச் சொல்லுறாங்க. வாசல்ல போய் நின்டா குழம்புது. ஒரு தம்பி, சிங்கள ஆக்கள் இருக்கிற அபயபுரப் பக்கம் ஒரு ஐயாவிட்ட "ஈயே வந்து டயரை எடுக்கிறம்" எண்டிருக்கிறான். நேற்று வந்து எடுக்கிறமாம். அந்த மனுசன் சிரிச்சுப்போட்டு அவரே டயரைத் தூக்கித் தந்தார், அது வேற கதை.

சக்கரத்தில பிழையா, நாங்க பாவிக்கிற விதத்தில பிழையா? விட்டுப்போட்டு வேற ஏதும் பார்க்கிறதா?

---

பாலையூற்று மெக்கானிக்

சக்கரம் எண்டா சுத்தணும் தம்பி. நீங்க கீறி வச்சிருக்கிறது படிவம், வட்டமா இருக்கு, அவ்வளவுதான்.

கதைக்கிற நேரம் தாளை எடுக்காதீங்க. எட்டுக் கேள்வியையும் மனசில வச்சுக்கொண்டு பிளேன்டி குடிச்சுக் கதைச்சிட்டு, வீட்ட போய் நிரப்புங்க. எந்த ஆரை வெறுமையாக் கிடக்கோ, அடுத்த முறை காணும்போது அதைக் கதையுங்க. மிச்சத்தைப் படிச்ச ஆக்கள் சொல்லுவாங்க.

---

தொண்டர்ப் பக்கம்

மேலே மெக்கானிக் அண்ணா சொன்னதுதான் சரி. அதோட இன்னும் கொஞ்சம்.

உங்கட எட்டு ஆரையில ஏழு, குழுவுக்கு என்ன தேவை எண்டதைப் பற்றியது. அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும் எண்டது ஒரே ஒரு ஆரை. அதுவும் கடைசி. அந்த நேரம் பிள்ளை களைச்சுப் போயிருக்கும், "சமூக சேவை செய்ய விருப்பம்" எண்டு கட்டுரை வசனம் ஒன்றைச் சொல்லிப்போட்டு எழும்பிடும்.

தொண்டு செய்ய ஆக்கள் ஏன் வருகிறார்கள் எண்டதை ஆறாகப் பிரிச்சு ஒரு வினாக்கொத்து இருக்கு. கிளாரி, ஸ்னைடர் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்டது. மனசில நம்புகிற ஒன்றுக்காக வருவது, புதுசா ஏதாவது பழக வருவது, கூட்டாளிமாரும் நெருங்கின ஆக்களும் செய்வதால் வருவது, வேலை வாய்ப்புக்கு உதவும் எண்டு வருவது, தன் கவலை குற்றவுணர்வுக்கு ஒரு மாற்றாக வருவது, தன்மேல் தனக்கு மதிப்பு வளர வருவது. ஒரு ஆளுக்கு ஒன்றுக்கு மேல இருக்கும், அதையும் சேர்த்துத்தான் அவர்கள் சொன்னார்கள். ஆளின் நோக்கத்தோடு பொருந்துகிற மாதிரி அழைச்சா அழைப்பு கூடுதலா எடுபடுது எண்டதும் அதே ஆய்வில் வருது.

இதை வச்சு ஒரு ஆறு ஆரைச் சக்கரம் கீறுங்க. நடுவில "டெங்குத் தொண்டர்" வேண்டாம், அந்தப் பிள்ளையின் பெயரை எழுதுங்க. ஆளுக்கு ஒரு ஏ4 தாள். கதைச்சு முடிஞ்ச பிறகு, ஒவ்வொரு ஆரையிலும் அந்தப் பிள்ளை தன் வாயால சொன்ன வசனத்தை அப்படியே எழுதுங்க. நீங்க ஊகிச்சதை எழுதக் கூடாது. "ஏ எல் முடிஞ்சு வீட்டில சும்மா இருக்கிறன், அம்மா பேசுறா" எண்டு ஒரு தங்கச்சி சொன்னா அது மூன்று ஆரையில எதுக்கும் போகலாம். எது எண்டு தெரியாட்டி ஓரத்தில எழுதி வச்சு, பிறகு கேளுங்க. அந்தப் பிள்ளைக்கு உண்மையாத் தேவைப்பட்டது ஒரு சான்றிதழா, வெளியில போக ஒரு காரணமா, கூட்டாளியா எண்டதைப் பொறுத்துத்தான் நீங்க கொடுக்கிற வேலையும் மாறும். சான்றிதழ் தேவைப்பட்ட ஆளுக்குப் பதிவுக் கொப்பியைக் கொடுங்க. கூட்டாளி தேவைப்பட்ட ஆளைத் தனியா ஒரு ஒழுங்கைக்கு அனுப்பாதீங்க.

---

கிண்ணியா நானா

"வீட்டில சம்மதமா" எண்டு பிள்ளையிட்டக் கேட்டு என்ன பிரயோசனம்? வீட்டிலதான் கேட்கணும். எங்கட பக்கம் பொம்புளப் பிள்ளைகள் வராததுக்கு ஆர்வம் இல்லாதது காரணம் இல்ல. எத்தினை மணிக்கு விடுவீங்க, ஆரோட போறது, மஃரிபு தொழுகைக்கு (பொழுதுபடுற நேரம்) முன்னம் வீட்ட வருவாவா, இது மூன்றும் தெரியாட்டி எந்த உம்மாவும் விடமாட்டா. உங்கட குழுவில ஒரு லாத்தாவை (அக்காவை) அனுப்பி உம்மாவோட கதைக்க விடுங்க. சக்கரம் கீறுற ஆள் போகத் தேவையில்ல.

சனிக்கிழமை காலை ரியூசன் நேரம் எண்டதையும் யோசியுங்க. "ஓம்" எண்டு சொன்ன பிள்ளை பொய் சொல்லல்ல.

---

ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர்

பிள்ளைகளே, சக்கரம் நமக்குப் புதிதன்று. சித்திரகவியில் சக்கரபந்தம் என்றே ஒரு வகை உண்டு. நான்காரை, ஆறாரை, எட்டாரை என்று ஆரங்களின் எண்ணிக்கையால் பெயர் பெறும். பாட்டின் எழுத்துகளை ஆரங்களிலும் வட்டத்திலும் அடைப்பார்கள். நடுக் குடத்தில், அதாவது சக்கரத்தின் மையத்தில், நிற்கும் எழுத்து எல்லா ஆரத்துக்கும் பொதுவாக வரும். ஆகவே அந்த ஒரு எழுத்தைப் பிழையாகத் தேர்ந்தால் பாட்டே ஓடாது. "நடுவில் பெயரை எழுதுங்கள்" என்று மேலே சொன்னவருக்கு இது தெரிந்திருக்குமோ தெரியாது, சொன்னது நல்ல யோசனை.

சொல் படிப்பதைப் பற்றி: பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு சொற்களைத் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகளாகத்தான் வைத்திருக்கிறது. உங்கள் "நாட்கள்", "உறவுமுறை" சக்கரங்களும் அந்த வழிதான். ஆனால் நிகண்டை மனனம் செய்தவனுக்குத் தமிழ் ஏற்கெனவே வாயில் இருந்தது. புது மொழிக்குள் கால் வைக்கிறவனுக்கு அந்த அடுக்கு உதவுமா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

---

சொல்லுப் பெட்டி

டீச்சரின் ஐயம் சரியானது. இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். திங்கம் என்பவர் 1993இலும் 1997இலும், வேரிங் என்பவர் 1997இலும். ஒரே இனத்துப் புதுச் சொற்களை ஒரே நேரத்தில் கற்றால், தொடர்பில்லாத சொற்களைக் கற்பதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கிறது. சொற்கள் ஒன்றோடொன்று இடறுப்படுகின்றன. ஈயே (நேற்று), அத (இன்று), ஹெட (நாளை) மூன்றையும் ஒரே வட்டத்தில் ஒரே மாலையில் படித்த தம்பி வாசலில் நின்று "ஈயே" என்றதில் அதிசயமில்லை. மூன்றும் ஒரே கொளுக்கியில் தொங்குகின்றன, கை போனது முதல் தட்டுப்பட்டதில்.

அதற்குப் பதில் ஒரு காட்சியை நடுவில் வையுங்கள். திங்கத்தின் 1997 ஆய்வில் ஒரே காட்சியில் சேர்ந்து வரும் சொற்கள் எளிதாகவே ஏறின. "வாசலில் நிற்கிறோம்" ஒரு சக்கரம்: வத்துர (தண்ணீர்), மதுருவோ (நுளம்பு), பொல்கட்டு (சிரட்டை), மிதுல (முற்றம்), உண (காய்ச்சல்), ஹெட (நாளைக்கு). ஆறும் ஆறு வகை. ஆனால் ஒரே வீட்டு வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக வாயில் வரும். "ஈயே"யை இந்தக் கிழமை தொடவே வேண்டாம். "ஹெட" நன்றாக ஏறிய பிறகு, காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்கும் காட்சியில் அது தானாக வரும்.

இன்னொன்று. சுவரில் ஒட்டிய சக்கரம் வாசிக்கப் பழக்குகிறது, ஞாபகப்படுத்தப் பழக்கவில்லை. மேலே ஒரு அட்டையால் மூடி, ஒரு ஆரையை மட்டும் திறந்து கேளுங்கள். தவறிய சொல்லை அடுத்த நாளும், சரியாய்ச் சொன்னதை நாலைந்து நாள் கழித்தும் கேளுங்கள். லைட்னர் என்பவர் 1972இல் சொன்ன பெட்டி முறையும் இதுதான்: சரியான அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், பிழைத்தது முதல் பெட்டிக்கு வரும்.

மெக்கானிக் அண்ணா "சுத்தணும்" என்றாரே, உண்மையிலேயே சுத்துகிற ஒன்றும் செய்யலாம். பிரிஸ்டல் போர்டில் கவராயத்தால் இரண்டு தட்டு வெட்டுங்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியதன் விளிம்பில் எட்டு வினை: பலன்ன (பார்க்க), என்ன (வர), தென்ன (தர), கன்ன (எடுக்க), ஹோதன்ன (கழுவ), வஹன்ன (மூட), அஸ்கரன்ன (அகற்ற), பொன்ன (குடிக்க). சிறியதில் ஒன்றுவிட்டு ஒன்றாக நாலு இடத்தில்: புளுவன் (ஏலும்), பே (ஏலாது), ஓனே (வேணும்), எபா (வேண்டாம்). நடுவில் ஓட்டை போட்டு ஒரு சட்டைப் பொத்தானையும் நூலையும் கட்டினால் போதும். ஒவ்வொரு தரமும் ஒரு இடம் நகர்த்தினால் நாலு வசனம். எட்டுத் தரம் நகர்த்தி முடிக்க 32 வசனமும் ஒரு முறை வந்துவிடும். வினைக்குப் பின்னால் இந்த நாலும் வரும் வரிசை தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஒன்றுதான், "பார்க்க ஏலும், பார்க்க ஏலாது" என்கிற மாதிரியே.

---

அபயபுர நண்பன்

வணக்கம். நான் சிங்களம். தமிழ் படிச்சு கொண்டு இருக்கிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

தட்டு நல்லம். ஆனால் ஒரு பிரச்சினை. "கன்ன" என்று தமிழில் எழுதினால் எடுக்க என்றும் வரும், சாப்பிட என்றும் வரும். எங்களுக்கு இரண்டு சத்தம், இரண்டு எழுத்து. உங்கள் எழுத்தில் ஒன்று. ஒரு அம்மாவிடம் டயரைச் சாப்பிட வேணும் என்று சொல்லக் கூடாது. அந்த இடத்தில் கை படம் கீறுங்கள். சத்தத்தை நான் குரல் பதிவாக அனுப்பலாம்.

"பே"யும் உங்கள் எழுத்தில் சரியாக வராது. அதையும் காதால் கேளுங்கள்.

வீட்டுக்குப் போனால் முதலில் "பொட்டக் பலன்ன புளுவன்த?" என்று கேளுங்கள். கொஞ்சம் பார்க்கலாமா என்று அர்த்தம். அது கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

எனக்கும் அந்தத் தட்டு வேணும். தமிழ்ப் பக்கம் எழுதி. "ஏலும்" "ஏலாது" எனக்கு இன்னும் மாறுது.

---

கணக்குப்பிள்ளை

எல்லாரும் சக்கரத்தைத் தலையில தூக்கி வச்சிருக்கிறீங்க. நான் மாறுபடுறன். சக்கரத்துக்கு நாள் கிழமை தெரியாது. ஆரோட எப்ப கதைச்சது, அடுத்தது எப்ப கூப்பிடணும், ஆர் கூப்பிடுறது, வந்தாரா இல்லையா, இதெல்லாம் வரிசையா ஓடுற விஷயம். வட்டத்தில எழுதினா காணாமப் போகும். நுளம்பு முட்டை பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள்தான் எடுக்கும். அதால அதே வீட்டுக்குக் கிழமைக்கு ஒருக்காப் போகணும். அதுக்கு ஆள் ஒழுங்கு பண்ண ஒரு சிஆர் கொப்பி, கோடு போட்டு அஞ்சு நிரல். அது போதும்.

---

தொண்டர்ப் பக்கம்

கொப்பி வேணும் எண்டதில எனக்கு மறுப்பில்ல. ஆனா கொப்பியில "வரவில்லை" எண்டு மட்டும்தான் இருக்கும். ஏன் வரல்ல எண்டு பார்க்கத்தான் மற்றத் தாள். ரெண்டையும் ஒரே ஆள் வச்சிருக்காதீங்க. கொப்பிக்கு நேரம் தவறாத ஒராள், கதைக்கிறதுக்கு வாய் இனிமையான ஒராள்.

---

திருமலைக் கரை

எல்லாருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்லுறன்.

நடுவில பெயரை வச்சு ஆறாரைத் தாள் தொடங்கியாச்சு. கதைக்கும்போது கையில ஒன்றும் இல்ல. பேச்சு கூட நேரம் எடுக்குது, ஆனா வளருது. லாத்தா ஒராள் கிண்ணியாவிலயிருந்து வந்த ரெண்டு குடும்பத்தோட கதைச்சா. விடுற நேரத்தை முன்னுக்கே சொன்னதால அந்த ரெண்டு பிள்ளையும் வருது. ரியூசனுக்காக வேலையைச் சனி பின்னேரத்துக்கு மாத்தினம்.

சொல் தட்டு ரெண்டும் செய்தாச்சு, சிங்களம் ஒன்று, தமிழ் ஒன்று. சின்னப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் மாதிரிச் சுத்துறாங்க. பொத்தான் இறுகினா தட்டு சுத்துதில்ல, நூலைக் கொஞ்சம் தளர்வா விடணும்.

இப்ப ஒரு புதுக் கேள்வி. ஆறாரைத் தாள்ல பிள்ளைகள் வீட்டுப் பிரச்சினை, அப்பா குடிக்கிறது, பரீட்சை பிழைச்சது எல்லாம் வந்திட்டுது. அதை எல்லாரும் பார்க்க வாசிகசாலைச் சுவரில ஒட்டலாமா எண்டு ஒரு தம்பி கேட்கிறான். எனக்கு மனம் ஒப்பல்ல.

---

ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர்

ஒட்டவே கூடாது. பிள்ளை உன்னை நம்பிச் சொன்னது அது. அந்தப் பிள்ளை கேட்டால் அதன் தாளை அதற்குக் காட்டு. வேறு ஒருவருக்கும் வேண்டாம். குழுவை விட்டுப் போனால் தாளைக் கிழித்துவிடு.

---

பாலையூற்று மெக்கானிக்

சொல் சக்கரத்தை மட்டும் ஒட்டுங்க. அதுவும் உள்பக்கச் சுவரில. வெளியில ஒட்டினா கோட்டைப் பக்க மான் வந்து தின்னுட்டுப் போயிடும், சிங்களம் படிக்கிறது மானாத்தான் இருக்கும்.

---

அபயபுர நண்பன்

குரல் பதிவு அனுப்பினேன். "கன்ன" இரண்டும் இருக்கு, முதலில் எடுக்க, பிறகு சாப்பிட. தமிழ்த் தட்டை சனிக்கிழமை வந்து எடுக்கிறேன். நாளைக்கு அல்ல, நேற்றும் அல்ல.