மே 3, ஜூலை 26, செப்டம்பர் 13: நீட் 2020க்குக் காத்திருந்தவர்களின் அனுபவங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தந்தை

என் மூத்த மகள் 2020ஆம் ஆண்டு பிளஸ் டூ முடித்து நீட் தேர்வு எழுதியவள். அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தேர்வை நடத்தியது சரியா தவறா என்ற வாதத்திலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். எங்கள் வீட்டை வாட்டியது அந்த வாதம் அன்று. தேர்வு என்றைக்கு என்று உறுதியாகத் தெரியாமல் கழித்த ஆறு மாதங்கள்தான் எங்களை வாட்டின. அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். இதே காலத்தைக் கடந்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்க்க வேண்டுகிறேன்.

பிளஸ் டூவின் கடைசித் தேர்வு மார்ச் 24 அன்று நடந்தது. மகளுக்கு அன்று வேதியியல். கொரோனா பரவலைத் தடுக்க, மாலை ஆறு மணிக்கு மாநிலம் முழுவதும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வரவிருந்த நாள் அது. தேர்வு அரை மணி நேரம் தள்ளி 10.30க்குத் தொடங்கியது. நான் இருசக்கர வாகனத்தில் அழைத்துச் சென்று, அவள் எழுதி முடிக்கும் வரை வாசலிலேயே நின்று, திரும்ப அழைத்து வந்தேன். பேருந்தை நம்பியிருந்த பிள்ளைகள் பலர் வரவே இல்லை. மாநிலம் முழுவதும் அன்று 34 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதவில்லை என்று பிறகு அறிந்தோம். விடுபட்டவர்களுக்கு ஜூலை 27இல்தான் மறுதேர்வு நடந்தது.

நீட் முதலில் மே 3 அன்று நடப்பதாக இருந்தது. மார்ச் 27இல் ஒத்திவைப்பு அறிவிப்பு வந்தபோது, உண்மையைச் சொன்னால், எங்களுக்கு மகிழ்ச்சிதான். இயற்பியலில் அவள் பின்தங்கியிருந்தாள்; கூடுதலாகச் சில வாரங்கள் கிடைக்கின்றன என்று நினைத்தோம். மே 5இல் புதிய தேதியாக ஜூலை 26 அறிவிக்கப்பட்டது. அதற்குள் அவள் சேர்ந்திருந்த பயிற்சி மையம் நேரடி வகுப்புகளை நிறுத்திவிட்டு, பாடங்களைக் கைப்பேசி வழியாக அனுப்பத் தொடங்கியிருந்தது. வீட்டில் இணைய வசதியுள்ள கைப்பேசி ஒன்றுதான். ஜூனில் மகனுக்கும் பள்ளியிலிருந்து இணைய வகுப்பு தொடங்கியதும், பகலில் அவனுக்கு, இரவு பத்து மணிக்கு மேல் இவளுக்கு என்று முறை வைத்துக்கொண்டோம். இரவில் படித்துவிட்டுக் காலையில் ஒன்பது மணிக்கு எழும் பழக்கம் அப்போது வந்ததுதான். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் தேர்வுக்கு அது எவ்வளவு கெடுதல் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஜூன் இறுதியில் மதுரையில் முழு ஊரடங்கு போட்டார்கள். மாவட்ட எல்லையைக் கடக்க இ-பாஸ் வேண்டும். திருமணம், இறப்பு, மருத்துவம் என்று காரணம் காட்டினால்தான் அது கிடைக்கும்; அந்தப் பட்டியலில் தேர்வு என்ற ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் அன்று நீட் மையமே கிடையாது. ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரைக்குத்தான் போயாக வேண்டும். ஜூலை 26க்கு எப்படிப் போய்ச் சேருவது என்று நான் கார்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, ஜூலை 3இல் தேர்வு மீண்டும் தள்ளிப்போய் செப்டம்பர் 13 என்றானது. இந்த முறை வீட்டில் யாரும் மகிழவில்லை. மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான்கைந்து நாள் அதைத் தொடவே இல்லை. "அப்பா, இதுவும் மாறும், படித்து மறந்து மறுபடி படிப்பதற்கு, இப்போதே மறந்துவிடலாம்" என்று அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் முழுவதும் அந்தத் தேதியும் மாறுமா என்ற பேச்சுதான். பதினொரு மாநிலங்களைச் சேர்ந்த பதினொரு மாணவர்கள் தொடுத்த வழக்கை ஆகஸ்ட் 17 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் தொலைக்காட்சியில் ஒவ்வொரு மாலையும் ஒத்திவைக்கக் கோரி யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நல்லெண்ணத்துடன்தான் பேசினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் என் மகளின் படிப்பு ஒரு நாள் நின்றது. கடைசியில் தொலைக்காட்சியின் கேபிள் இணைப்பைக் கழற்றி வைத்தேன்.

அனுமதிச் சீட்டு ஆகஸ்ட் 26இல் வந்தது. அதிலேயே ஓர் உறுதிமொழிப் படிவமும் இருந்தது. கடந்த 14 நாட்களில் காய்ச்சல், இருமல் இல்லை, தொற்றாளருடன் நெருங்கிய தொடர்பு இல்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒருவருக்குத் தொற்று உறுதியாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் வீட்டுப் பால்காரர்தான் எங்களுக்கும் பால் ஊற்றுபவர். இது நெருங்கிய தொடர்பா, இல்லையா? நானும் என் மனைவியும் அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். பிறகு கையொப்பமிட்டேன். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அன்று பேனாவைப் பிடித்திருந்த கை தயங்கியது உண்மை.

செப்டம்பர் 7 முதல் மாவட்டங்களுக்கிடையே பேருந்து ஓடத் தொடங்கியும், அதை நம்பத் துணிவின்றி வாடகைக் கார் பேசினேன். மதுரையில் என் சித்தப்பா மகன் வீடு இருக்கிறது. வேறு ஆண்டாக இருந்தால் முதல் நாளே போய் இறங்கியிருப்போம். அந்த ஆண்டு, தங்கலாமா என்று கேட்க எனக்கும் கூச்சம்; வாருங்கள் என்று அழைக்க அவருக்கும் தயக்கம். கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக ஒவ்வொருவருக்கும் வரவேண்டிய நேரத்தைத் தனித்தனியாக ஒதுக்கியிருந்தார்கள், மகளுக்கு 11.30. காலை ஏழு மணிக்குக் கிளம்பி, கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாகப் பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். காரிலேயே இட்லி சாப்பிட்டாள். தோடு, கொலுசு, தலையில் குத்தியிருந்த ஊசிகள் எல்லாவற்றையும் கழற்றி என் மனைவியின் கைக்குட்டையில் முடிந்துவைத்தோம். ஒளி ஊடுருவும் தண்ணீர்க் குப்பி, 50 மில்லி கிருமிநாசினி, அனுமதிச் சீட்டு, ஆதார், நிழற்படம். அவ்வளவுதான் கையில். 11.30க்கு உள்ளே போனவள் வெளியே வரும்போது மாலை ஐந்தரை. இடையில் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது.

என்ன மதிப்பெண் என்பது இந்தப் பகிர்வுக்குத் தேவையில்லை. மருத்துவ இடம் கிடைக்கவில்லை. செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்தாள்.

தேர்வறைக் கண்காணிப்பாளராக இருந்த ஒரு விரிவுரையாளர்

ஐயா, நீங்கள் வாசலுக்கு வெளியே நின்ற அதே நாளில் நான் வேறோர் ஊரில் வாசலுக்கு உள்ளே நின்றேன். எங்களுக்கு முன்கூட்டியே பயிற்சி அளித்திருந்தார்கள். வழக்கமாக ஓர் அறைக்கு 24 பேர். அந்த ஆண்டு 12 பேர் மட்டும். அதனால்தான் நாடு முழுவதும் மையங்களின் எண்ணிக்கையை 2,546இலிருந்து 3,843 ஆக உயர்த்த வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து அணிந்து வந்த முகக்கவசத்தைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, நாங்கள் கொடுத்த புதியதை அணிய வேண்டும். நோய்த்தடுப்புக்காக மட்டும் அன்றி, ஆள்மாறாட்டத்தையும் துண்டுச் சீட்டையும் தடுக்கவும் இந்த ஏற்பாடு பயன்பட்டது. அடையாளம் பார்க்கும்போது ஒவ்வொருவரும் கவசத்தை ஒரு கணம் இறக்கிக் காட்டுவார்கள். ஆறு மாதத்தில் முன்பின் அறியாத ஒருவரின் முழு முகத்தை நான் பார்த்தது அந்த வரிசையில்தான்.

உடல் வெப்பம் 99.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தால் தனி அறைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒரு மாணவனுக்குக் கருவி நூறைத் தாண்டிக் காட்டியது. அவன் முகம் வெளுத்துவிட்டது. விசாரித்தபோது, பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்திருப்பதாகச் சொன்னான். வேப்பமர நிழலில் கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தோம். 98 ஆக இறங்கியிருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தானா, வேண்டிக்கொண்டிருந்தானா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மையத்தில் காலியாகக் கிடந்த மேசைகள் நிறைய. பிறகு வெளியான கணக்கும் அதையே சொன்னது: பதிவு செய்தவர்கள் 15.97 லட்சம், எழுதியவர்கள் 13.66 லட்சம். அதற்கு முந்தைய ஆண்டு 15.19 லட்சத்தில் 14.10 லட்சம் பேர் எழுதியிருந்தார்கள். வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதை எந்த வருகைப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை.

ஜேஇஇ எழுதிய ஒருவர்

பொறியியல் படிப்புக்கான எங்கள் நுழைவுத் தேர்வும் ஏப்ரலிலிருந்து ஜூலைக்கும், ஜூலையிலிருந்து செப்டம்பர் 1 முதல் 6 வரைக்கும் நகர்ந்தது. ஆனால் நீட் எழுதியவர்களோடு ஒப்பிட்டால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே சொல்வேன். ஜனவரியிலேயே ஒரு முறை எழுதியிருந்தோம். இரண்டில் சிறந்த மதிப்பெண்ணே கணக்கு என்பதால், செப்டம்பரில் போகாவிட்டாலும் கையில் ஏதோ ஒன்று இருந்தது. கணினி வழித் தேர்வு என்பதால் ஆட்களைப் பல நாட்களுக்கும் வேளைகளுக்கும் பிரித்துப் போடவும் முடிந்தது. நீட் ஒரே நாள், ஒரே வேளை, காகிதத்தில். ஆண்டுக்கு இரண்டு முறை என்ற வசதி அன்று அவர்களுக்கும் இருந்திருந்தால், அந்த ஆகஸ்ட் மாதத்து மன உளைச்சலில் பாதியாவது குறைந்திருக்கும் என்பது என் கருத்து.

அக்டோபர் 14 அன்று எழுதிய ஒருவர்

மேலே குறிப்பிட்ட காலி மேசைகளில் ஒன்று என்னுடையது. செப்டம்பர் 9 அன்று எனக்கும் அம்மாவுக்கும் தொற்று உறுதியானது. தேர்வு நாளில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டு மணி ஆனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து மணிக்கும் பார்த்தேன். இடையில் தூங்கிவிட்டேன். தேர்வு எழுத இயலவில்லை என்று மருத்துவச் சான்றோடு மின்னஞ்சல் அனுப்பியதோடு சரி. பிறகு அதைப் பற்றி நினைக்கவே இல்லை. புத்தகங்களை அண்ணன் அட்டைப்பெட்டியில் கட்டி, பரண்மேல் ஏற்றிவிட்டான்.

தொற்றினாலோ, கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் இருந்ததாலோ எழுத முடியாமல் போனவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தர உச்ச நீதிமன்றம் அக்டோபர் 12 அன்று அனுமதித்தது. தேர்வு 14ஆம் தேதி. இடையில் முழுதாக ஒரு நாள்! பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது கட்டியிருந்த சணல் அவிழவில்லை. அண்ணன் அரிவாள்மனையால் அறுத்தான். ஒரு நாளில் என்ன படிப்பது? உயிரியல் படங்களை மட்டும் புரட்டினேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் அளவுக்கு உடம்பில் தெம்பு இல்லை. கடைசி அரை மணி நேரத்தில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. முடிவுகள் 16ஆம் தேதியே வந்துவிட்டன. வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றியுடையவள்தான் நான். ஆனால் மற்றவர்கள் ஆறு மாதம் காத்திருந்து களைத்தார்கள் என்றால், எனக்கு மூச்சுவிடவும் நேரமில்லாமல் வந்தது அந்தத் தேதி.

ஓர் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியை

தேதி தள்ளிப்போனதன் மறுபக்கம் ஒன்று எனக்குத் தெரியும். அதையும் பதிவு செய்யாவிட்டால் நியாயமாகாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்ட முன்வடிவு, தேர்வு முடிந்த இரண்டாம் நாளான செப்டம்பர் 15 அன்றுதான் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் அக்டோபர் 30. கலந்தாய்வு நவம்பர் 18. நீட் மே மாதத்திலேயே நடந்து, சேர்க்கையும் வழக்கம்போல முடிந்திருந்தால், அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு இது கிட்டியிருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவி, தந்தை கல் குவாரியில் வேலை செய்பவர், அந்த ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தாள். ஊரடங்கில் பயிற்சி வகுப்பு நின்றபோது அவளுக்குக் கைப்பேசிகூட இல்லை. நானும் சக ஆசிரியர் ஒருவரும் வினாத்தாள்களை நகலெடுத்து, அவள் ஊர் மளிகைக் கடையில் கொடுத்துவைப்போம். எழுதிய விடைத்தாளை அவள் அதே கடையில் வைத்துவிட்டுப் போவாள். அந்தத் தாள்களில் எப்போதும் மிளகாய்த்தூள் நெடி அடிக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். தேர்வு நகரை மாற்றிக்கொள்ள இடையில் வாய்ப்பு தந்தார்களே, திருநெல்வேலியைத் தேர்ந்திருக்கலாமே?

ஸ்ரீவில்லிபுத்தூர் தந்தையின் பதில்

அம்மா, அதையும் யோசித்தோம். திருநெல்வேலி இன்னும் தூரம். அங்கே ஊரடங்கு எப்போது இறுகும் என்பதையும் யார் கண்டார்கள்? அந்த ஆண்டு தமிழ்நாட்டில் தேர்வு நகரங்கள் பதினான்குதான். 2021இல் செங்கல்பட்டு, திண்டுக்கல், திருப்பூர், விருதுநகர் ஆகிய நான்கையும் சேர்த்தார்கள். விருதுநகர் எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். அந்த அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்து, செவிலியர் கல்லூரியின் முதலாண்டில் இருந்த மகளிடம் சொன்னேன். அவளுக்கு அன்று உடற்கூறியல் இணையத் தேர்வு. நேரம் மாற்றிவிட்டார்களாம், இரண்டு மணிக்கு இருந்தது நான்கு மணிக்கு என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் தம்பியிடமிருந்து வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.