முலாம் பட்டறைக் கழிவுநீரைக் காளான் படுக்கையால் சுத்தம் செய்யலாமா?

காளான்குடில்:
காரைக்குடிப் பக்கம் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். அறுவடை முடிந்த வைக்கோல் படுக்கைகள் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடக்கின்றன. எங்கள் தெருக்கோடியில் ஒரு முலாம் பட்டறை. அங்கே பாத்திரம் அலசிய தண்ணீர் மஞ்சளாக வரத்துக்காலில் இறங்கி ஊருணிக்குப் போகிறது. ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களைக் காளான் முதலான பூஞ்சைகள் பிடித்துக்கொள்ளும் என்று படித்தேன். படுக்கைகளை அந்த வரத்துக்காலில் அடுக்கினால் பலன் உண்டா? ஆடு மாடு குடிக்கிற தண்ணீர், மனம் கேட்கவில்லை.

ஊருணிக்கரை:
அடுக்காதீர்கள் தங்கச்சி. ஈர வைக்கோல் அழுகினால் ஊருணி மீன்தான் முதலில் சாகும்.

பழைய ஆய்வகர்:
அம்மா, நீங்கள் படித்தது உண்மை. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின், குளூக்கன் என்ற நார்போன்ற பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு உள்ள பாஸ்பேட், கார்பாக்சில், அமினோ என்ற வேதித் தொகுதிகளில் உலோக அயனிகள், அதாவது நீரில் கரைந்த மின்னேற்றம் கொண்ட உலோகத் துகள்கள், ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பூஞ்சை உயிரோடு இருக்க வேண்டும் என்பதே இல்லை. காய்ந்து செத்த பொடியும் பிடிக்கும். வெங்காயத் தோலுக்கடியில் விரலில் ஒட்டும் கரும்பொடியைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் இந்த வேலையில் கெட்டிக்காரன். சிட்ரிக் அமில ஆலைகளில் அதைத்தான் வளர்க்கிறார்கள். கழிவாக மிஞ்சும் பூஞ்சையை காஸ்டிக் சோடா போன்ற காரத்தில் வேகவைத்தால் ஈயம், காட்மியம், தாமிரம் இன்னும் நன்றாக ஒட்டும். ரைசோபஸ் அர்ஹைசஸ் என்ற பூஞ்சை யுரேனியத்தையே பிடிப்பதை 1981-லேயே காட்டிவிட்டார்கள்.

ஆனால் மஞ்சள் என்கிறீர்கள், அங்கேதான் எனக்குப் பயம். அது ஆறிணைதிறக் குரோமியம் என்ற நச்சு வடிவமாக இருக்கலாம், புற்றுநோய் தருவது. ஈயம், தாமிரம் நேர்மின் அயனிகள், பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4 முதல் 6 வரை ஒட்டும். அந்தக் குரோமியம் நீரில் இருக்கும் வடிவமான குரோமேட்டோ எதிர்மின் அயனி, பி.எச். 2 அளவுக்குப் புளித்த நீரில்தான் பூஞ்சை அதை நன்றாகப் பிடிக்கும். வரத்துக்காலில் அந்தப் புளிப்பை எப்படிக் கொண்டுவருவீர்கள்?

ஆகவே பட்டறை வாசலிலேயே, தொட்டியிலேயே தடுக்க வேண்டும். அமிலம் சேர்த்து அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டால் அது நச்சு குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக மாறும். பிறகு சுண்ணாம்பு போட்டால் சேறாகப் படியும். அதன்பின் மிஞ்சும் சொற்ப உலோகத்தைப் பிடிக்கப் பூஞ்சைப் பொடியை ஒரு குழாயில் நிரப்பி நீரை விடலாம். பொடியின் இடம் அந்தக் கடைசிக் கட்டம்தான்.

முதலில் நீரைப் பரிசோதியுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் குரோமியம் வராது, கேட்டு வாங்க வேண்டும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமும் ஈயம் 0.01 மில்லிகிராமும் தாண்டக் கூடாது.

காளான்குடில்:
நன்றி ஐயா. உலோகம் பிடித்த பொடியைத் தென்னைக்கு எருவாகப் போடலாமா?

பழைய ஆய்வகர்:
கூடவே கூடாது. பூஞ்சை உலோகத்தை அழிப்பதில்லை, தண்ணீரிலிருந்து எடுத்துத் தன்மேல் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நீர்த்த அமிலத்தில் கழுவினால் ஈயம், தாமிரம் போன்றவை கழன்று வரும், பொடியைத் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த அமிலமும் சேறும் அபாயக் கழிவு, அதற்கென்று அனுமதி பெற்றவர்களிடமே போக வேண்டும். அந்தத் தண்ணீரைத் தெளித்துக் காளான் வளர்க்கவும் வேண்டாம். காளான் காட்மியத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது நேரே உண்பவர் வயிற்றுக்குப் போகும். கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் நல்ல படுக்கைகளை மட்டும் தென்னைக்குப் போடுங்கள்.

ஊருணிக்கரை:
ஊர்க் கூட்டத்தில் பட்டறைக்காரரிடம் தொட்டி கட்டச் சொல்லிக் கேட்போம். சோதனை முடிவு கையில் இருந்தால் பேச்சு எடுபடும். நானும் வருகிறேன்.