அப்பாவின் மோரிஸ் மைனர்: எஞ்சினைப் புதுப்பிப்பதா, மாற்றுவதா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் விட்டுச்சென்ற 1967ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 கார் என்னிடம் இருக்கிறது. ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் குடும்பம் முழுவதையும் ஏற்றிச்சென்ற வண்டி அது என்பதால், அதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இப்போது ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏறும்போது பின்னால் நீலப் புகை எழுகிறது; எஞ்சினின் அடியிலிருந்து கனமான தட்டும் சத்தமும் கேட்கிறது.

எஞ்சின் அதனுடைய சொந்த 1098 சிசி எஞ்சின்தான். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளந்தபோது நான்கு சிலிண்டர்களிலும் முறையே 150, 145, 85, 140 பிஎஸ்ஐ காட்டியது. மூன்றாவது சிலிண்டரில் சிறிது ஆயிலை ஊற்றி மீண்டும் அளந்தபோது 130 ஆயிற்று. சூடான பிறகு ஆயில் அழுத்தம் ஓட்டத்தில் 25, நின்றபடி இயங்கும்போது 6. ஒரு பட்டறையில், நிசான் 1400 பக்கியின் (சிறு சரக்கு வண்டியின்) எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பொருத்திவிடலாம் என்கிறார்கள். மற்றொரு பட்டறையில், உள்ள எஞ்சினையே புதுப்பிக்கலாம் என்று சொல்லி ஏறத்தாழ இரு மடங்கு தொகை கேட்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (டோங்காட்)

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேத் பட்டறையில் கிராங்க் கிரைண்டிங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தேய்த்துச் சீராக்குவது) ரீபோரும் (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது) செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கழற்றி அளக்காத எஞ்சினுக்கு விலை சொல்கிறவர் உங்களுக்கு ஊகத்தைத்தான் விற்கிறார். நீங்கள் தந்த எண்களிலிருந்து தெரிவது இவ்வளவுதான். ஆயில் ஊற்றியதும் அழுத்தம் ஏறியதால் மூன்றாவது சிலிண்டரில் குறை வால்வில் இல்லை, ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள மைனரில் ஆயில் அழுத்தம் ஓட்டத்தில் 60 அளவிலும் நின்றபடி 15 அளவிலும் இருக்க வேண்டும் என்பதால், கிராங்க் பேரிங்குகளும் தேய்ந்திருக்கின்றன. அந்தத் தட்டும் சத்தம் இருக்கும் நிலையில் வண்டியை ஓட்ட வேண்டாம். பேரிங் தன் இடத்தைவிட்டுச் சுழன்றுவிட்டால் இன்று காப்பாற்றக்கூடிய கிராங்க் நாளை பழைய இரும்பாகிவிடும்.

ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதியை) கழற்றியதும் முதலில் பிஸ்டன் தலையைத் துடைத்துப் பாருங்கள். முன்பு ரீபோர் செய்திருந்தால் 020, 030, 040, 060 என்று (எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாக்கியது என்று) அதன் அளவு அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். எண் எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு இன்னும் பல வாய்ப்புகள் உள்ளன. 060 என்றிருந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் (புதிய உட்குழாய்) இறக்க வேண்டும். செலவு கூடும், ஆனால் அப்போதும் பிளாக் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) வீணானதாக ஆகாது. கிராங்கையும் அவ்வாறே 0.010 அங்குலம் முதல் 0.040 வரை படிப்படியாகக் குறைக்கலாம். அதில் கடைசிப் படியைத் தாண்டியிருந்தால் வேறு கிராங்க் தேட வேண்டியதுதான்.

ஹெட்டை மறந்துவிட வேண்டாம். 2006ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையில் இல்லை. இந்த வார்ப்பிரும்பு ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் (புகை வெளியேறும் வால்வு வந்து அமரும் இடங்கள்) ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை என்பதால், கடினமான சீட்டுகளைப் பதித்துவிடுவது நல்லது. அதற்கு முன் வால்வுகளுக்கு இடையே விரிசல் உண்டா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இந்த ஹெட்டுகளில் அது அடிக்கடி காணப்படும் நோய்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அண்ணன் சொன்னதை மதிக்கிறேன்; ஆனால் மாற்றியவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். என் மைனரில் நிசான் 1400 எஞ்சின் ஆறு ஆண்டுகளாக ஓடுகிறது. மைனர் எஞ்சினின் கிராங்கை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்க, 1397 சிசி கொண்ட இதன் கிராங்கை ஐந்து தாங்குகின்றன. அதனால் N3 நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட்டினாலும் அது தளர்வதில்லை. அலுமினிய ஹெட்டில் சீட்டுகள் தனியாகப் பதிக்கப்பட்டவை என்பதால் ஈயமில்லாப் பெட்ரோல் தொல்லை தருவதில்லை. அந்தப் பக்கியை 2008 வரை ரோஸ்லினில் தயாரித்ததால் உதிரிப் பாகங்களும் எளிதாகக் கிடைக்கின்றன.

ஆனால் பட்டறையில் சொன்ன தொகையில் வேலை முடியும் என்று நம்பிவிடாதீர்கள். எஞ்சின் தாங்கிகளைப் புதிதாகச் செய்ய வேண்டும், கியர்பாக்ஸ் அமரும் குறுக்குச் சட்டத்தை வெட்டி மாற்ற வேண்டும், புரொபெல்லர் ஷாஃப்ட்டை (பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டை) அளவெடுத்துச் செய்ய வேண்டும். மைனரின் மின்சாரம் பாசிட்டிவ் எர்த் முறையில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலோடு இணைந்து) அமைந்தது. நிசானின் ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த் கேட்கும். ஆகவே வயரிங்கிலும் கை வைக்க நேரும். எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக்: உங்கள் வண்டியின் முன் டிரம் 8 அங்குலம், அது 1098 எஞ்சினின் வேகத்துக்கு ஏற்றது. நான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்ட பிறகே துணிந்து மலையிறக்கத்தில் ஓட்டினேன். முடிவில் என் செலவு, புதுப்பித்திருந்தால் ஆகியிருக்கும் தொகையை எட்டிவிட்டது. நாள்தோறும் வேலைக்கு ஓட்டுவதால் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் திருவிழாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓட்டுவதற்காக அப்பாவின் வண்டியை வெட்டுவீர்களானால், அதை நான் ஏற்கமாட்டேன்.

பதில் 3 (ஃபீனிக்ஸ்)

ஒரு சட்ட விவரம் மட்டும். எஞ்சினை மாற்றினால் பதிவில் உள்ள எஞ்சின் எண்ணும் மாறும். காவல்துறையின் சான்று பெற்று அதைத் திருத்த வேண்டும். ஆகவே பழைய உதிரிக் கடையில் எஞ்சின் வாங்கினால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். சொந்தப் பிளாக்கைப் புதுப்பித்தால் இந்த வேலையே இல்லை. கூடுதல் வலு வேண்டுமென்றால் அதே குடும்பத்தைச் சேர்ந்த 1275 சிசி எஞ்சினும் உண்டு. நிசானைவிட மிகக் குறைந்த மாற்றங்களோடு பொருந்தும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை எஞ்சினை இறக்கிவிட்டோம். பிஸ்டனில் 020 என்று இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ரிங் உடைந்து, சுவர் 0.009 அங்குலம் தேய்ந்திருக்கிறது. கிராங்க் ஏற்கெனவே 0.010 குறைக்கப்பட்டது, அதில் இப்போது கீறல்கள் விழுந்திருக்கின்றன. ஹெட்டில் விரிசல் இல்லை. எனவே புதுப்பிப்பதென்று முடிவு செய்துவிட்டேன். டோங்காட் ஐயா, 030 போதுமா?

பதில் 1

போதாது, தம்பி. 020லிருந்து 030க்கு வெட்டினால் எடுப்பது 0.010தான்; அதில் 0.009 ஏற்கெனவே தேய்ந்துவிட்டதால் மிஞ்சுவது 0.001தான், தேய்ந்த தடத்தின் அடி தெரியும். 040க்குச் செய்யச் சொல்லுங்கள், ஆனால் பிஸ்டன்களை வாங்கி அவற்றைக் கையில் கொடுத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். கிராங்கை 0.020க்குக் கிரைண்ட் செய்து பாருங்கள். கீறல் போகாவிட்டால் 0.030. கேம் ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) புதிதாகப் போட்டால், முதன்முறை இயக்கியதும் எஞ்சினைச் சும்மா நின்றபடி ஓடவிடாமல், நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் இருபது நிமிடம் வைத்திருங்கள்.