டிபெண்டன்சி: 'சார்பு' வேண்டாம், 'தாங்குநிரல்' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு செயலி இயங்கத் தேவையான, பிறர் எழுதிய நிரலைத்தான் டிபெண்டன்சி என்கிறோம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> டிபெண்டன்சிக்குச் 'சார்பு' போதும். பல இடங்களில் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது.

பழகிய சொல்லை மாற்றுவது தொல்லைதான். ஆனாலும் மாற்றத்தான் வேண்டும் என்கிறேன். பள்ளிக் கணக்கில் சார்பு என்றால் ஃபங்ஷன். "சார்பு கிடைக்கவில்லை" என்று நான் தமிழாக்கிய பிழைச்செய்தியைப் பார்த்த அக்கா மகள், "எந்த ஃபங்ஷன்?" என்றுதான் கேட்டாள்.

அதைவிடப் பெரிய சிக்கல், சொல் தலைகீழாக நிற்கிறது. சார்பு என்பது சாய்கிறவரைச் சொல்கிறது, சாய்ந்துகொள்ளும் தூணை அல்ல. நன்னூல் முதல், வழி, சார்பு என நூலை மூன்றாக வகுக்கும்போதும், பிற நூல்களைத் தழுவி எழுந்ததுதான் சார்புநூல். அந்தக் கணக்கில் நம் செயலிதான் சார்புநிரல். அதைச் சுமந்து நிற்கும், பிறர் எழுதிய நிரலகத்துக்கு (லைப்ரரிக்கு) என் பரிந்துரை: தாங்குநிரல். 'தாங்கி' என்று சுருக்கலாம்தான், ஆனால் பொறியியலில் அது பேரிங்.

தாங்குநிரல் என்றதும் 'தாங்குமா?' என்ற கேள்வி தானாக எழும். அது எழ வேண்டும். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் பிடிபட்ட பின்கதவை, அதாவது அத்துமீறி நுழைய ஒளித்துவைத்த வழியைப் பாருங்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச், எக்ஸ்இசட்டின் நிரலகத்தை நேரடியாகப் பயன்படுத்துவதே இல்லை. சில லினக்ஸ் வழங்கல்கள் (டிஸ்ட்ரோக்கள்) ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு இணைக்க ஓர் ஒட்டு (பேட்ச்) போட்டிருந்தன. சிஸ்டம்டியின் நிரலகத்துக்கு எக்ஸ்இசட் தேவைப்பட்டது. இரண்டு படி கீழே கிடந்த ஒன்று அந்த வழியாக வழங்கியின் (சர்வரின்) வாசல்வரை ஏறி வந்துவிட்டது. பல ஆண்டுகளாக ஒருவர் தம் சொந்த நேரத்தில் பராமரித்து வந்த நிரலகம் அது.

ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை வரிவரியாகப் படித்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. எக்ஸ்இசட்டின் மூலநிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தைப் படித்தவருக்கும் கடினம்: நஞ்சு சோதனைக் கோப்புகளுக்குள் இருந்தது, அதைக் கிளப்பும் வரிகள் வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைப் பார்த்துவிட்டு விடாமல் துருவியதால் வெளியே வந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

இப்படி அடியில் கிடப்பதற்கும் பெயர் வேண்டும். கணக்கின் 'கடப்பு' (டிரான்சிட்டிவ்) உறவை, அதாவது ஒன்று இரண்டாவதையும் இரண்டாவது மூன்றாவதையும் சார்ந்தால் முதலாவது மூன்றாவதையும் சார்கிறது என்பதை வைத்துக் 'கடப்புச் சார்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருள் சரி, ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று அது காட்டவில்லை. அடித்தாங்குநிரல் என்றால் காட்டும்.

வினைக்குச் 'சார்' என்பதே இருக்கட்டும். "இச்செயலி 3 தாங்குநிரல்களைச் சார்ந்துள்ளது" என்று எழுதிப் பார்த்தேன், எனக்கு இடறவில்லை. உங்களுக்கு?

நிறுவல் செய்திகளில் ஏறத்தாழ 40 இடங்களை மாற்ற வேண்டியிருக்கிறது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அப்புறம், 'லைப்ரரி'க்கு நூலகமா நிரலகமா என்பதைத் தனி இழையில் பேசலாம்.