சுப்பீரியர் ஏரியில் ட்ரவுட் மீண்டது – நீங்கள் பார்த்ததைப் பகிருங்கள்

டுலூத்வாசி:
அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில், ஒருகாலத்தில் அழியப் பார்த்த லேக் ட்ரவுட் என்ற நன்னீர் மீன் முழுமையாக மீண்டுவிட்டது என்று 2024 நவம்பரில் பெரு ஏரிகள் மீன்வள ஆணையம் அறிவித்ததல்லவா? அங்கே தூண்டில் போட்ட நம் ஆட்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

என் பங்குக்கு: விஸ்கான்சின் பக்கம், அப்போஸ்தல் தீவுகளுக்கு சார்ட்டர் படகில் போனோம். கல் (Gull) தீவை ஒட்டிய பாரை, அதாவது நீருக்கடியில் உள்ள கல் திட்டை, நெருங்கியதும் படகுக்காரர் திரையில் ஒரு கோட்டைக் காட்டி, படகைத் திருப்பிவிட்டார். 1976 முதல் அது காப்பிடம். வலையும் கூடாது, தூண்டிலும் கூடாது. காரணம் எளிது. இந்த மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஏழெட்டு வருஷம் ஆகும், சிலதுக்கு அதற்கும் மேல். இலையுதிர் காலத்தில் தன் பழைய பாருக்கே திரும்பி வந்து கல் இடுக்கில் முட்டை போடும். அங்கே பெரிய தாய்மீனைப் பிடித்துவிட்டால் அந்தப் பார் வெறும் கல்தான். வெண்மீனுக்குப் போட்ட செவுள்வலையில் சிக்கியே எத்தனையோ போனதாம். காப்பிடம் வந்த பிறகு வயசான பெண்மீன்கள் பெருகின, முட்டையும் பெருகியது.

தண்டர்பே சுந்தரி:
மாணவியாக இருந்தபோது ஒரு கோடை முழுக்கக் கணக்கெடுப்புப் படகில் வேலை. மீனின் காதுக்கல்லை அறுத்து, மரத்துக்குப் பார்ப்பதுபோல வளையம் எண்ணுவோம். என் கை நீளம்கூட இல்லாத ஒன்று, என்னைவிட மூத்தது! ஆழத்து மீன் அவ்வளவு மெதுவாக வளரும். நாற்பதைத் தாண்டியதும் உண்டு. அதிலிருந்து "இது ஒரு மீன்தானே" என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

காரைநகரான்:
எல்லாம் சரி அண்ணை, ஆனா மீன்பிடியை மட்டும் குறை சொல்லாதேங்கோ. லாம்ப்ரே எண்ட, விலாங்கு மாதிரி, மீனில ஒட்டி ரத்தம் உறிஞ்சிற அந்த ஒட்டுண்ணி 1938இலேயே சுப்பீரியருக்குள்ள வந்திட்டுது. நான் பிடிச்ச ஒண்டின்ர விலாவில காசளவு வட்டத் தழும்பு இருந்தது. ஒரு லாம்ப்ரே தன்ர ஆயுளில 18 கிலோ மீன் வரை கொல்லுமாம்.

டுலூத்வாசி:
மறுக்கவில்லை தம்பி. இரண்டும் சேர்ந்துதான் 1950களில் ட்ரவுட்டை அடித்தது. 1958இல் ஆறுகளில் லாம்ப்ரேயைக் கொல்லும் மருந்து விடத் தொடங்கினார்கள், 1962இல் வணிகப் பிடிப்பை மூடினார்கள், குஞ்சுகளும் விட்டார்கள். மருந்து மட்டும் விட்டு வலையை விட்டுவைத்திருந்தால், லாம்ப்ரேயிடம் தப்பியது சந்தைக்குப் போயிருக்கும். அதேபோல 2020, 21இல் கொரோனாவால் மருந்து வேலை குறைந்ததும் லாம்ப்ரே மறுபடி ஏறியது. எதையும் கைவிட முடியாது.

தண்டர்பே சுந்தரி:
பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிறவர்களுக்கு ஒன்று. ஆழத்திலிருந்து இழுக்கும்போது நீரில் குமிழி வருமே, அது ட்ரவுட் தன் உடலுக்குள் இருக்கும் காற்றை வாய்வழியே வெளியேற்றுவது. வால்ஐ (walleye) என்ற வேறொரு மீனுக்கு அது முடியாது. ட்ரவுட்டுக்கு முடிவதால் அது பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் கோடையில் மேல்தண்ணீர் சூடாக இருந்தால் படமெடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே விடுங்கள்.

காரைநகரான்:
அப்ப சிஸ்கோவெட் எண்ட அந்த ஆழத்து ட்ரவுட் குழம்புக்கு ஆகுமோ?

டுலூத்வாசி:
ஆகாது. அத்தனையும் கொழுப்பு, சட்டியில் எண்ணெய்தான் மிஞ்சும். புகை போட்டால் அருமை.