நம் வீடு (குடும்பக் குழு)

நான், மாலை 4:10
பெரியப்பா அலமாரியிலிருந்து அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்டு கொலை நாவலை எடுத்து வந்தேன். நூறு பக்கம் தாண்டிவிட்டது. வேலைக்காரி முதல் வளர்ப்பு மகன் வரை எல்லார் மேலும் சந்தேகமாக இருக்கிறது.

அண்ணன், 4:14
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி, 4:15
டேய்! நான் பார்த்துவிட்டேன். பெயரையே எழுதிவிட்டாயே, பாவி.

நான், 4:16
நல்ல வேளை, நான் பார்க்கவில்லை. இனி யாரும் வாய் திறக்கக் கூடாது.

அண்ணன், 4:18
1926இல் வந்த புத்தகம். நூறு வருடம் காப்பாற்ற வேண்டிய ரகசியமா அது? கொன்றவன் யார் என்று தெரிந்துவிட்டால் பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டியதுதானே.

பெரியப்பா, 4:31
நான் அதை ஏழு முறை படித்திருக்கிறேன் தம்பி. முதல் முறைதான் கொலையாளியைத் தேடினேன். மற்ற ஆறு முறையும், அந்த அம்மாள் எந்த வரியில் என் கண்ணைக் கட்டினார் என்று தேடினேன்.

சித்தி, 4:35
எனக்கு அதில் வரும் துப்பறிவாளர் பொய்ரோ போதும் அத்தான். ஓய்வெடுத்துக்கொண்டு காய்கறி பயிரிட வந்த மனிதர், கோபத்தில் காயைப் பிடுங்கி மதிலுக்கு மேல் வீசுகிறாரே! 1975இல் அவருக்கு நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. பிறக்கவே பிறக்காத ஆளுக்கு.

அண்ணன், 4:37
அமெரிக்கர்களுக்கு வேறு வேலை இல்லை.

பெரியப்பா, 4:52
அமெரிக்கா என்றதும் நினைவு வருகிறது. ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’, 1939. லாஸ் ஏஞ்சலஸில் தனியார் துப்பறிவாளன் மார்லோ. நாளுக்கு 25 டாலர், செலவு தனி. அதில் ஒரு கார் டிரைவர் சாகிறான், காரோடு கடலில் கிடக்கிறான். கதையைப் படமாக எடுத்தவர்கள் ‘இது கொலையா, தற்கொலையா’ என்று சாண்ட்லரிடமே கேட்டார்கள். அவருக்கே தெரியவில்லை.

அண்ணன், 4:53
எழுதியவருக்கே தெரியாதா? அப்புறம் அது என்ன துப்பறியும் கதை?

பெரியப்பா, 5:06
தொடக்கத்தில் வரும் ஒரு காட்சியைப் படித்துப் பார். ஆர்கிட் பூக்கள் அடைத்த கண்ணாடிக் கூடம். உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு கிழட்டு ஜெனரல், அந்தப் புழுக்கத்திலும் போர்வைக்குள் சுருண்டிருக்கிறார். எதிரே மார்லோ வியர்வையில் நனைந்தபடி, அவர் பேச்சைக் கேட்கிறான். அந்தக் குடும்பத்தில் என்ன அழுகியிருக்கிறது என்று அங்கேயே வாடை வந்துவிடும். வாயை அடைக்க நீட்டும் பணத்தைத் தொடாத ஒருவன் அந்த வீட்டுக்குள் நடக்கிறான். நான் அவன் பின்னால் போகிறேன். டிரைவர் எப்படிச் செத்தால் எனக்கென்ன?

சித்தி, 5:08
எனக்கு அது ஒத்துவராது. கடைசியில் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துக் கணக்கு முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவு தூக்கம் வராது.

நான், இரவு 11:41
முடித்துவிட்டேன்!!! மறுபடி முதல் அத்தியாயத்துக்குப் போனேன். ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லையே அந்த அம்மாள்!

சித்தி, 11:42
சொன்னேனே! காலையில் போன் செய், நாள் முழுக்கப் பேசலாம்.

அண்ணன், 11:58
பெரியப்பா, தூங்கிவிட்டீர்களா? அந்த டிரைவர்... கார் தானாகவா கடலுக்குள் போயிருக்கும்?

பெரியப்பா, 11:59
புத்தகம் இரண்டாம் தட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா.