நிழலா, கறையா? (பெரிய வீடு குடும்பக் குழு)

நிலா: வசந்தி அத்தை, சனிக்கிழமை அறிவியல் கண்காட்சி. "பொருளையும் பரப்பையும் மூளை எப்படிப் பிரிக்குது"ன்னு தலைப்பு குடுத்துட்டேன். சும்மா சார்ட் ஒட்டாம, வர்றவங்களே செஞ்சு பார்க்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்

வசந்தி அத்தை: ஹெரிங் நிழல் வை. 19ஆம் நூற்றாண்டுல எவால்ட் ஹெரிங்னு ஒரு ஜெர்மன் உடலியல் ஆய்வாளர் காட்டினது. வெள்ளைத் தாள், டேபிள் லேம்ப், அட்டையில வெட்டின வட்டம், கறுப்பு மார்க்கர் போதும்.

வசந்தி அத்தை: வட்டத்தை தாளுக்கு 5 செ.மீ. மேல குச்சியில ஒட்டி நிறுத்து. நூல்ல கட்டினா ஆடும். நிழலோட ஓரம் மங்கலா இருக்கும்ல, அந்த மங்கல் மொத்தமும் மூடுற மாதிரி சுத்திக் கோடு போடு. அப்புறம் அது நிழலாவே தெரியாது. தாள்ல சாம்பல் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கும்.

நிலா: கோடு போட்டதும் நிழல் கறுத்துடுமா?

வசந்தி அத்தை: இல்ல. உள்ள இருந்து கண்ணுக்கு வர்ற ஒளி அதேதான். ஓரம் மெதுவா மாறினா "இங்க வெளிச்சம் குறையுது"ன்னு மூளை எடுத்துக்கும். சட்டுனு மாறினா "இங்க பரப்பே வேற"ன்னு எடுத்துக்கும். நீ அந்த மங்கல் ஓரத்தை ஒளிச்சு வெச்சுட்ட, அவ்வளவுதான்.

நிலா: [படம்] போட்டுப் பார்த்தேன். இன்னும் நிழலாத்தான் தெரியுது 😕

கதிர் அண்ணா: கோடு மெலிசு. மங்கல் எவ்வளவு அகலம்னு கணக்கு இருக்கு: பல்பு அகலம் × (அட்டைக்கும் தாளுக்கும் தூரம் ÷ பல்புக்கும் அட்டைக்கும் தூரம்). உன் பல்பு என்ன சைஸ்?

நிலா: 6 செ.மீ. அட்டைல இருந்து 60 செ.மீ. தள்ளி

கதிர் அண்ணா: 6 × 5 ÷ 60 = 0.5. அரை செ.மீ. மங்கல். நீ 2 மி.மீ. கோடு போட்டிருக்க. ரெண்டு பக்கமும் மங்கல் எட்டிப் பார்க்குது, அது போதும் மூளைக்கு. 6, 7 மி.மீ. போடு. கொஞ்சம் தாராளமா இருந்தா தப்பில்ல.

கதிர் அண்ணா: அப்புறம் அந்த அட்டை கண்ணுல படக்கூடாது. நிழலுக்கு அம்மா யாருன்னு தெரிஞ்சா ஆட்டம் குளோஸ் 😄 ஷூ டப்பாவுல ஒரு ஓட்டை போட்டு, ஒத்தைக் கண்ணால மட்டும் பார்க்க விடு. மேல லேம்ப் வெளிச்சம் வர இடம் விடணும்.

நிலா: மொபைல் டார்ச்ல செஞ்சா ஈஸி இல்லையா?

கதிர் அண்ணா: வேணாம். டார்ச் ரொம்பச் சின்ன விளக்கு, நிழல் முதல்லயே கூரா விழும். கோடு போடுறதுக்கு முன்னாடி, பின்னாடி வித்தியாசம் தெரியாது.

சேகர் மாமா: ஒரு விஷயம் சேர்த்துக்கோ. ஓரத்துக்கு முக்கியத்துவம் மூளைக்கு முன்னாடி விழித்திரையிலயே ஆரம்பிச்சுடுது. ஒரே சீரான வெளிச்சத்துக்கு அங்க இருக்கிற செல்கள் பெருசா அலட்டிக்காது, பக்கத்துப் பக்கத்துல வித்தியாசம் இருந்தாத்தான் துடிக்கும். நடுப்பரப்பு நமக்கு "நிறைஞ்சு" தெரியுறதுல பாதி வேலை மூளையோட ஊகம்.

வசந்தி அத்தை: சரியாச் சொன்னீங்க. ஆனா அந்த ஓரம் யாருக்குச் சொந்தம்னு முடிவு பண்றது மூளைதான். 1915ல ரூபின்ங்கிற டென்மார்க் உளவியலாளர் காட்டின ஜாடி/முகம் படம் ஞாபகம் இருக்கா? கோடு ஒண்ணுதான். அது ஜாடிக்குச் சேர்ந்தா முகம் வெறும் பின்புலம், முகத்துக்குச் சேர்ந்தா ஜாடி காணாமப் போயிடும்.

வசந்தி அத்தை: இதை 2000ல குரங்குகள்ல அளந்தாங்க. பிடரி மடல்ல (மூளையோட பின்பக்கம், பார்வைக்கான இடம்) வி2ங்கிற பகுதியில பாதிக்கு மேல நியூரான்கள், ஒரே ஓரத்தைக் காட்டினாலும், உருவம் இடப்பக்கமா வலப்பக்கமாங்கிறதைப் பொறுத்து வேற மாதிரி துடிக்குது. துடிக்க ஆரம்பிச்சு 25 மில்லி செகண்டுக்குள்ள அந்த வித்தியாசம் வந்துடுது.

நிலா: அப்போ ஓரம் தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சிடும்?

வசந்தி அத்தை: இல்ல கண்ணு. வடிவத்துக்கு ஒரு வழி, பரப்புக்கு ஒரு வழி. டி.எஃப்.னு ஒரு நோயாளி, கார்பன் மோனாக்சைடு விஷத்தால வடிவத்தை அறியுற பக்கவாட்டுப் பிடரிப் பகுதி கெட்டுப்போச்சு. ஒரு பொருளோட வடிவம் சொல்லத் தெரியாது, நிறத்தையும் சொரசொரப்பையும் வெச்சு நிறைய கண்டுபிடிப்பாங்க. நிறமும் பரப்பும் மூளையோட அடிப்பக்கமா வேற இடத்துல போகுது, அது தப்பிச்சுது.

சேகர் மாமா: 1991 ஆய்வுதானே? சாய்ஞ்ச பிளவு எந்தப் பக்கம் சாயுதுன்னு கேட்டா தெரியல, கார்டைக் குடுத்து உள்ள போடச் சொன்னா சரியாத் திருப்பிப் போட்டாங்க.

வசந்தி அத்தை: அதேதான். கையை நடத்துற வழி தனி.

நிலா: ஸ்கேன்ல வடிவப் பகுதியை எப்படித் தேடுவாங்க? போஸ்டர்ல போடணும்

வசந்தி அத்தை: பொருளோட படம், அதே படத்தைக் கட்டம் கட்டமா வெட்டிக் கலைச்சது, ரெண்டையும் மாத்தி மாத்திக் காட்டுவாங்க. முழுப் படத்துக்கு எங்க கூடுதலா ரத்தம் பாயுதோ அதுதான். ரத்தம் ஏறி உச்சிக்கு வர 5 செகண்ட் கிட்ட ஆகும், அதனால அவசரப்பட்டு படம் மாத்தக்கூடாது. புதுசா செய்றவங்க சறுக்குற இடம் ஒண்ணு: வெட்டினதுல புதுசா நிறைய ஓரம் முளைக்கும், மூளை மேலுறையில பார்வைச் செய்தி முதல்ல வந்து சேர்ற வி1ங்கிற பகுதி அதுக்குத் துள்ளும். அதனால முழுப் படத்து மேலயும் அதே கட்டக் கோடுகளைப் போட்டுடணும்.

கதிர் அண்ணா: ரெண்டாவது டெமோ வேணுமா? பளபளப்பு.

கதிர் அண்ணா: பளபளப்பில்லாத கருநீலப் பந்து ஒண்ணு. கறுப்பு வேணாம், ஒளி-நிழல் தெரியாது. லேம்ப் பக்கத்துல, எங்க அதிகமா வெளிச்சம் விழுதோ அங்க சின்னதா வெள்ளைப் புள்ளி வை. ஓட்டை வழியா பார்த்தா பாலிஷ் போட்ட பந்து. பந்தைக் கால் சுத்து திருப்பு, அதே புள்ளி சுண்ணாம்புக் கறை ஆயிடும்.

நிலா: ரெண்டு கண்ணாலயும் பார்த்தா?

கதிர் அண்ணா: மாட்டிக்கும். பந்து மாதிரி குவிஞ்ச பரப்புல நிஜப் பளபளப்பு பரப்புக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கும், தலையை அசைச்சா நகரும். பெயின்ட் ஒட்டின இடத்துலயே இருக்கும்.

நிலா: [படம்] அத்தை, 7 மி.மீ. கோடு போட்டேன். கறை ஆயிடுச்சு!! அப்பா துணியால துடைக்கப் பார்க்கிறார் 😂

வசந்தி அத்தை: 👏 தாளோட நாலு மூலையையும் டேப் போட்டு ஒட்டிடு, கூட்டத்துல யாராவது இடிச்சா நிழல் கோட்டை விட்டு வெளிய வந்துடும்.